கொடுவாவுக்கு வாங்கிய நரம்பு

கோபத்தோடு கடைக்குப் போகிறவன் ஒருநாளும் உருப்படியான சாமானை வாங்கி வந்ததில்லை. கத்தரிக்காய் ஆனாலும் சரி, கல்யாணப் புடவை ஆனாலும் சரி. நான் வாங்கியது தூண்டிலில் கட்டுகிற நைலான் நரம்பு. எழுபதுகளின் பின்பாதியில் நடந்த கதை. இன்றைக்கும் அந்த நீல நரம்பு எந்தக் கடையிலாவது சுருள் சுருளாகத் தொங்குவதைப் பார்த்தால் எனக்கு உச்சி மண்டையில் சூடு ஏறுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று கேட்பீர்கள். இல்லை. அவர் சொன்ன சொல் தவறவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். திட்டுவதற்குக்கூட ஓர் ஆள் கிடைக்காத விவகாரம் இது. (என்னைத் தவிர. என்னைத் திட்டுவதற்கு ஆளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.)

நாங்கள் பழவேற்காட்டு ஏரிக்கரை ஜனம். ஆனால் அப்பா சின்ன வயதிலேயே ரயில்வே வேலை கிடைத்து திருவள்ளூருக்கு வந்துவிட்டார். நான் அங்கேயே பிறந்து, தண்டவாளத்தைப் பார்த்து வளர்ந்தவன். மீனைக் குழம்பில்தான் பார்த்திருக்கிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை கிடைத்ததும் புதுவாயலில் வீடு பிடித்தேன், கஸ்தூரியைக் கட்டினேன். கஸ்தூரி ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். அவள் அப்பா, அண்ணன் தம்பி, பெரியப்பா, சித்தப்பா, ஒருவர் பாக்கியில்லாமல் தண்ணீரில் இறங்குகிறவர்கள். அந்த வீட்டுக்குப் போன முதல் பேண்ட் போட்ட மாப்பிள்ளை நான். பெல்ட் வேறு.

கல்யாணமான வருஷத்து ஆடி. பெண்ணை ஒரு மாதத்துக்கு அம்மா வீட்டில் விட வேண்டும் அல்லவா? ஆடி முதல் தேதி இருவருமாகப் போனோம். மாமனார் தடபுடலாக விருந்து வைத்தார். என் இலையில் கொடுவா மீனின் தலையைக் கொண்டுவந்து வைத்தார்கள். முழுத் தலை. வாயைத் திறந்துகொண்டு என்னையே பார்த்தது. மாப்பிள்ளைக்குத் தலைதான் மரியாதையாம். அதை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. சும்மா இருந்திருக்கலாம். "முள்ளில்லாத துண்டா ஒண்ணு இருந்தா வைங்களேன்" என்று கேட்டுவிட்டேன்.

எதிர் இலையில் உட்கார்ந்திருந்தவன் ஏழுமலை, கஸ்தூரியின் தம்பி. சோற்றை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தான்.

"யம்மா, மாமாவுக்கு முள்ள எடுத்துட்டு ஊட்டி உடும்மா. பாவம், ரயிலு ஓட்ற ஊட்டுப் புள்ள. கொடுவாவ தண்ணில உட்டா அது இவரப் புடிச்சிக்கினு பூடும்."

பந்தி முழுக்கச் சிரித்தது. மாமனார்கூட மீசைக்குள் சிரித்தார். பொறுத்தேனா? எச்சில் கையோடு எழுந்தேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் ஒரு பக்கம் ஓடும், புத்தி அதைத் துரத்திக்கொண்டே பின்னால் வரும், பிடிக்கவே பிடிக்காது.

"இதோ பாரு, ஆவணி பொறந்து நான் வருவேன். என் கையால ஒரு கொடுவா புடிச்சி இந்த வாசல்ல போட்டுட்டுத்தான் உன் அக்காவக் கூட்டிக்கினு போவேன். இல்லாங்காட்டி அவ இங்கியே கெடக்கட்டும்!"

சிரிப்பு நின்றுவிட்டது. கஸ்தூரி ரசச் சட்டியோடு என் பின்னால்தான் நின்றிருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மாமனார் கையைப் பிடித்துக்கொண்டு, "கோவத்துல வந்த வார்த்த, உட்டுடுங்க மாப்ள" என்று கெஞ்சினார். "சொன்னது சொன்னதுதான்" என்று கையை உதறிவிட்டு வந்துவிட்டேன். பஸ் பொன்னேரி தாண்டும்போது, அவளிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை என்பது ஞாபகம் வந்தது. திரும்பிப் போக ரோஷம் விடவில்லை.

அந்தச் சமயம் எங்கள் கம்பெனியில் புது மெஷின் பொருத்த ஒரு வெள்ளைக்காரர் வந்திருந்தார். மீன் பைத்தியம். அவர் ஊர் ஏரிகளில் கொடுவாவுக்குப் பங்காளி மாதிரி ஒரு மீன் இருக்கிறதாம். புழுவும் வேண்டாம், இறாலும் வேண்டாம், ரப்பர் மீன் ஒன்றை ஈயத்தலை வைத்த கொக்கியில் செருகித் தண்ணீரில் போட்டு, அடித்தரையில் தத்தித் தத்தி இழுத்தால் அது ஓடிவந்து கவ்வுமாம். நான் என் சபதத்தைச் சொன்னதும் மனுஷர் குதூகலமாகி, வாலாடும் ரப்பர் மீன் ஒன்றைக் கொக்கியோடு எனக்குக் கொடுத்தார். பிறகு நரம்பைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தார். மெல்லிசாக இருக்க வேண்டும், அப்போதுதான் ரப்பர் மீன் உயிரோடு இருப்பதுபோல நீந்தும், மீன் வாய் வைப்பது விரலுக்குத் தெரியும், கொக்கி பக்கத்தில் மட்டும் கொஞ்சம் தடித்த நரம்பு ஒரு முழம் போட்டுக்கொள், இப்படி என்னென்னவோ. இதெல்லாம் அவர் சொன்னது என்று இப்போது தெரிகிறது. அப்போது அந்த இங்கிலீஷில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதியையும் கேட்கவில்லை. ஏழுமலையின் பல் தெரிந்த சிரிப்பையே நினைத்துக்கொண்டு "யெஸ் சார், யெஸ் சார்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு பாரிமுனைக்குப் போய் நரம்பு கேட்டேன்.

"இன்னா மீனுக்கு சார்?" என்றார் கடைக்காரர்.

கொடுவா என்று சொல்லியிருந்தால் அவரே சரியானதை எடுத்துக் கொடுத்திருப்பார். எனக்கு எங்கே வாய் சும்மா இருந்தது? "பெரிய மீனுக்கு" என்றேன்.

"எம்மாம் பெரிசு?"

"இருக்கறதுலயே பெரிசு. அறுந்தே போகக் கூடாது."

அவர் முதலில் மெல்லிய வெள்ளை நரம்பைக் காட்டினார். "தண்ணில போட்டா கண்ணுக்கே தெரியாது சார்" என்றார். கண்ணுக்குத் தெரியாத நரம்பைக் காட்டி என் காசைப் பிடுங்கப் பார்க்கிறாரா? ஏழுமலைக்குத் தெரிய வேண்டும் ஐயா, ஊருக்கே தெரிய வேண்டும்! "என்ன, தலைமுடிய விக்கறீங்களா?" என்று சீறினேன். அவர் உள்ளே போய் ஒரு நீலச் சுருளை எடுத்துவந்து மேஜையில் தொப்பென்று போட்டார். தீக்குச்சி கனம். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, கடைச் சிப்பந்திகள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, கல்லாப்பெட்டி நகரும்வரை இழுத்துப் பார்த்தோம். அறுந்துபோகவில்லை.

"இது அறுந்தா நான் கடைய மூடிட்டுப் போயிடறேன் சார்" என்றார். அவர் கடை இன்றைக்கும் இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை.

ஆவணி பிறந்தது. அதிகாலை பஸ்ஸில் குப்பத்துக்குப் போய் இறங்கினேன். கஸ்தூரி வாசலுக்கு வரவில்லை. மாமியார் நாஷ்டா சாப்பிடச் சொன்னார். மீனோடு வந்து சாப்பிடுகிறேன் என்றேன். (பசியில் உயிர் போனது.) ஏழுமலை படகை எடுத்தான். நரம்பைப் பார்த்தவன் கழியை ஊன்றியபடியே நின்றுவிட்டான்.

"இன்னா மாமா இது? எருமமாடு கட்டப் போறியா?"

"படகத் தள்ளு."

ஏரியில் எந்த இடத்தில் எந்தக் கூட்டம் எந்த நாள் வலை போடலாம் என்பதற்கு முறை உண்டு. பாடு என்பார்கள். அன்றைக்கு முகத்துவாரப் பக்கத்துப் பாடு மேலக்குப்பத்துக்காரர்களுடையது. ஏழுமலை அந்தப் பக்கமே போகக் கூடாது என்றான். தூண்டிலுக்குப் பாடு கிடையாது, வலைக்குத்தான் பாடு என்று நான் சட்டம் பேசினேன். முந்தின மாதம்வரை பாடு என்றால் என்னவென்றே தெரியாதவன் பேசின சட்டம்! கடைசியில் ஓரமாக நிறுத்தினான்.

ரப்பர் மீனைக் கட்டித் தண்ணீரில் விட்டேன். அது தரைக்குப் போகவே இல்லை. நரம்பு சுருள் சுருளாக மேலேயே மிதந்தது, அதன் நுனியில் ரப்பர் மீன் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"மாமா, உன் மீனு செத்துப்போச்சு" என்றான் ஏழுமலை. "என்கிட்ட மெல்லிசு நரம்பு கீது, மாத்திக் கட்டு."

"உன் நரம்ப நீயே வெச்சிக்கோ!"

"சரி, கையிலியாவது கெட்டியாப் புடி. நழுவ உட்டுட்டு அப்பால என்னச் சொல்லாத."

நழுவ விடுவேனாம்! அந்த ஆத்திரத்தில் நரம்பின் மறுமுனையை என் இடுப்பு பெல்ட்டில் முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டுக் கட்டினேன். படகின் முனையில் ஏறி நின்று, தலைக்குமேல் சுழற்றி, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி வீசினேன். மேலக்குப்பத்துக்காரர்கள் வலையை இழுத்துக்கொண்டிருந்த பக்கமாகப் போய் விழுந்தது. கொஞ்சம் இழுத்ததும் கனமாக மாட்டியது.

"மாட்டிக்கிச்சுடா!" என்று அலறினேன்.

அது இழுத்தது. நானும் இழுத்தேன். அது விடவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து, "டேய், பெரிசா ஒண்ணு மாட்டிக்கினுது, உடாத, இழு!" என்று ஒருவர் கத்துவது கேட்டது. பாருங்கள், எதிராளிகளே என் மீனுக்கு உற்சாகம் கொடுக்கிறார்கள் என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. அவர்கள் கத்தியது அவர்கள் வலையில் சிக்கிய மீனுக்கு. அந்த மீன் நான்.

ஏழுமலைக்குப் புரிந்துவிட்டது. "மாமா, அது வல! உடு! முடிச்ச அவுத்துடு!" என்று கத்தினான். முடிச்சை நான் எங்கே அவிழ்ப்பது? அதற்குள் அவர்கள் ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து ஒரே இழு. நான் படகிலிருந்து தலைகுப்புறத் தண்ணீருக்குள் போனேன். வேறு எந்த நரம்பாக இருந்தாலும் அந்த இடத்தில் அறுந்திருக்கும். வாயில், மூக்கில், காதில் உப்புத் தண்ணீர். செத்தேன் என்றே நினைத்தேன். கையைக் காலை உதைத்துக்கொண்டு, "ஐயோ! காப்பாத்துங்க! கஸ்தூரி!" என்று ஏரி முழுக்கக் கேட்கும்படி கூவினேன்.

ஏழுமலையின் குரல் மேலிருந்து நிதானமாக வந்தது.

"எந்திரிச்சி நில்லு மாமா. தண்ணி இடுப்புக்குத்தான்."

நின்றேன். இடுப்புக்குத்தான்.

நின்ற மாத்திரத்தில் மறுபடி இழுத்தார்கள், மறுபடி விழுந்தேன். அப்படியே கரைவரை போனேன். கரையில் கூடையோடு மீனுக்குக் காத்திருந்த பெண்கள் அத்தனை பேரும் நான் வலையோடு வந்து சேர்ந்ததைப் பார்த்தார்கள். என் கொக்கி பிடித்த இடத்திலிருந்து வலை நீளமாகக் கிழிந்து, இறால் எல்லாம் போய்விட்டிருந்தது. அவர்கள் பாடு போயிற்று. மறுபடி முறை வரும்வரை அந்த இடம் அவர்களுக்குக் கிடையாது. மேலக்குப்பத்துப் பெரியவர் கிழிந்த வலையை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "எங்க சோத்துல மண்ணப் போட்டியேடா! யார்டா நீ?" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என்னைத் திட்டி எனக்குத் திருப்பிக் கோபம் வரவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கஸ்தூரி வந்தாள். கையில் மீன் வெட்டும் கத்தி. என்னைப் பார்க்காமல் பெல்ட்டைப் பிடித்து இழுத்து, நரம்பை அறுத்தாள். கத்தி வைத்தும் அது சுலபத்தில் அறுபடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தாள். பிறகு பெரியவரிடம் திரும்பி, "வலைய எங்க ஊட்டு வாசலுக்கு அனுப்பிடு பெரீப்பா. இவரே ஒக்கார்ந்து கட்டித் தருவாரு" என்றாள்.

"எனக்கு ஸ்டோர்ஸ்ல டூட்டி இருக்கு. வலை கட்டவும் தெரியாது" என்றேன் மெதுவாக.

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

"மீன் கேட்டனா நானு? உன்ன மீன் புடிச்சிக்கினு வான்னு எப்பனா கேட்டனா? ஊரு முன்னாடி அவ இங்கியே கெடக்கட்டும்னு சொன்னீங்க. கெடந்தேன். மாசம் பூரா இன்னாடி, உன் ஊட்டுக்காரு வருவாரா மாட்டாரான்னு போறவ வர்றவ அல்லாம் கேட்டா. இப்ப நீங்க கெடங்க."

நீங்க, உன்ன என்று மாறிமாறிப் பேசினாள். அவ்வளவு கோபம். நியாயமான கோபம் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரை நான் பட்டதெல்லாம் வெறும் சத்தம்.

கிடந்தேன். லீவு சொல்லி அனுப்பிவிட்டு, மாமனார் வீட்டு வாசலில் காலை நீட்டி, கால் கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு, கண்ணி கண்ணியாகக் கட்டினேன். நான் போட்ட முடிச்சைக் கஸ்தூரி வந்து பார்ப்பாள். அவிழ்த்துவிட்டுப் போவாள். போறவள் வர்றவள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். "மாப்ள இன்னும் ஊருக்குப் போவலியா?" என்று ஒருத்தி பாக்கியில்லாமல் கேட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எனக்குக் காது சுட்டது. இதைத்தானே அவள் ஒரு மாதம் கேட்டிருக்கிறாள் என்று நினைக்கும்போது இன்னும் சுட்டது. கடைசியாகக் கட்டிய வரிசையை அவள் அவிழ்க்கவில்லை. உள்ளே போய்த் துணிப்பையை எடுத்துவந்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சு. கெளம்புங்க" என்றாள். மீன் இல்லாமல்தான் கிளம்பினோம்.

அதற்கப்புறம் நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கோபம் அப்படியேதான் இருக்கிறது. எங்கள் பெரிய பெண்ணின் கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டில் ஏதோ குறை சொல்லப்போக, மண்டபத்தின் நடுவில் நின்று, "இப்படின்னா இந்தக் கல்யாணமே..." என்று ஆரம்பித்துவிட்டேன். மேளம் நின்றது. மணவறையில் இருந்த பெண் முகம் வெளுத்துப்போனது. சம்பந்தி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

கஸ்தூரி என் பக்கத்தில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"தண்ணி இடுப்புக்குத்தான்" என்றாள்.

எங்கள் பக்கத்து ஜனம் அத்தனையும், ஏழுமலை முதல் நண்டு சிண்டு வரை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. என் பெண்ணும் மணவறையில் குனிந்துகொண்டு சிரித்தாள். சம்பந்தி வீட்டாருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு போய்ச் சாம்பார் வாளியை எடுத்து, முதல் கரண்டியைச் சம்பந்தி இலையில் ஊற்றினேன்.