அக்காவுக்கு எல்லாரும் உத்தமம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. திருவனந்தபுரம் வலியசாலையில், எங்கள் அக்ரஹாரத்தில், இன்னும் சிலர் அதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று கேள்வி. கோயில் பிரகாரத்தில் என்னைப் பார்த்தால், "கம்ப்யூட்டர் பொண்ணு வந்துடுத்து" என்று ஒரு மாதிரியாகச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் நடந்த ரகளைக்கு நான்தான் காரணம். அதை ஒப்புக்கொள்கிறேன். அது தப்பு என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி. இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நின்றுபோகும் என்று பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். நான் பி.எஸ்சி. கணிதம் முடித்து, கரமனையில் ஒரு சென்டரில் டிப்ளமோவும் வாங்கி, அவற்றைக் காப்பாற்றத் தயாராக இருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. (கம்ப்யூட்டர்கள் தப்பித்தன.) கடைசியில் கூப்பிட்டவர் பக்கத்துத் தெரு நீலகண்டன் மாமா. செக்ரடேரியட்டில் ரிடையர் ஆனவர், வீட்டு முன்னறையில் கல்யாணத் தகவல் மையம் நடத்தினார். என் வேலை, வருகிற விண்ணப்பங்களை டைப் அடிப்பது.

மாமா தானே எக்செல் கற்றுக்கொண்டு ஒரு பெரிய பைல் செய்து வைத்திருந்தார். அதில் ஓர் அட்டவணை. இடது ஓரத்தில் பெண்ணின் நட்சத்திரம், மேலே குறுக்காகப் பையனின் நட்சத்திரம், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் உத்தமம், மத்திமம், பொருந்தாது என்று ஏதாவது ஒன்று. பதிவு செய்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு வி-லுக்கப் ஃபார்முலா. அது அட்டவணையில் பெண்ணின் நட்சத்திரத்தைத் தேடிப் பிடித்து, பையனின் கட்டம்வரை நடந்துபோய், அங்கே இருப்பதை எடுத்து வரும். ஆயிரக்கணக்கான ஃபார்முலாக்கள் ஒரே நேரத்தில் நடந்துபோய்த் திரும்புவதென்றால் சும்மாவா? மாமா பைலைத் திறந்துவிட்டுக் குளிக்கப் போவார். சந்தியாவந்தனமும் முடித்து வரும்போது அது பாதி திறந்திருக்கும்.

"மாமா, இதையெல்லாம் மேக்ரோவா எழுதிடலாம். ஒரு பட்டனைத் தட்டினா போறும்" என்றேன்.

"இப்போ இதுக்கு என்னடி கொறைச்சல்? மெதுவா வந்தாலும் நேரா வரதல்லோ."

அந்த மாதமே மகளின் பிரசவத்துக்காக மாமா பாலக்காடு கிளம்பினார். படியிறங்கும்போது, "நான் வரவரைக்கும் அந்த பைலைத் தொடாதே, கேட்டியா" என்றார். தொடாதே என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் மீதும் பாதிக் குற்றம் உண்டு என்பது என் கட்சி.

அவர் ரயில் ஏறியதும் தொட்டேன்.

ஃபார்முலாவை மேக்ரோவாக மாற்றுவது நான் நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. முதல் பெண்ணை எடு, எல்லாப் பையன்களோடும் பார், அடுத்த பெண்ணை எடு. அவ்வளவுதான். பட்டனைத் தட்டினேன். கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நின்றது. ஏதோ எரர் என்று ஒரு பெட்டி முளைத்தது. மூடினேன். மறுபடி ஓட்டினேன். மறுபடி பெட்டி.

காரணம் இது. தேடிய நட்சத்திரப் பெயர் அட்டவணையில் இல்லாவிட்டால் ஃபார்முலா அந்த ஒரு கட்டத்தில் மட்டும் 'என்.ஏ.' என்று எழுதிவிட்டு, தனக்குத் தெரியாது என்பதை அடக்கமாகச் சொல்லிக்கொண்டு போகும். மேக்ரோ அப்படியில்லை, நடுத்தெருவில் உட்கார்ந்து சத்தியாக்கிரகம் செய்யும். நான் சென்டரில் வாங்கிய தடிப் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் இருந்தது அந்த மந்திரம்: 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்'. தப்பு வந்தால் கண்டுகொள்ளாதே, அடுத்த வரிக்குப் போ என்று அர்த்தம். அந்த வயதில் எனக்கு அதைவிட நல்ல புத்திமதியை யாரும் சொன்னதில்லை. மேக்ரோவின் தலையில் அந்த வரியைச் சேர்த்தேன். பெட்டி போன இடம் தெரியவில்லை. மாமா குளிக்கும் நேரமெல்லாம் எடுத்த வேலை, நான் தலை பின்னி முடிப்பதற்குள் முடிந்தது.

பெட்டிதான் போயிற்று, தப்பு போகவில்லை. பெயர் கிடைக்காதபோது மேக்ரோ கையில் ஏற்கெனவே இருந்த பழைய பதிலையே எடுத்து எழுதிவிட்டு நகர்ந்துகொண்டிருந்தது. எந்தப் பெயர்கள் கிடைக்கவில்லை? மாமாவின் அட்டவணையில் சுவாதி, பூசம், அனுஷம், கேட்டை என்று தமிழ்ப் பெயர்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடத்தில். விண்ணப்பத்தில் பாதிப் பேர் சோதி, பூயம், அனிழம், திருக்கேட்ட என்று மலையாளத்தில்தான் எழுதுவார்கள். மாமா அந்த 'என்.ஏ.'க்களை மட்டும் பொறுக்கியெடுத்து, பென்சிலால் தானே பார்த்துச் சரிசெய்வார். எனக்கு அது தெரியாது. (தெரிந்துகொள்ள முயன்றேனா என்று கேட்காதீர்கள்.)

இந்த இடத்தில் என் அக்கா பத்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஏழு வயது மூத்தவள். ஸ்கூல் டீச்சர். பிறந்தது கேட்டை நட்சத்திரத்தில். கேட்டையில் பிறந்த பெண், கட்டிக்கொள்பவனின் அண்ணனுக்கு ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. வருகிற பையனுக்கெல்லாம் எங்கிருந்தோ ஓர் அண்ணன் முளைத்தான். அண்ணன் இல்லாத வீட்டுக்காரர்களும், "எதுக்கு வீணா ரிஸ்க்" என்று ஜாதகத்தைத் திருப்பி அனுப்பினார்கள். தபால்காரர் எங்கள் வீட்டை நெருங்கும்போதே அம்மா உள்ளே போய்விடுவாள். அக்கா மட்டும் வாசலுக்கு வந்து, கையெழுத்துப் போட்டு, தன் ஜாதகத்தைத் தானே வாங்கி வைத்துக்கொள்வாள்.

மாமாவின் மையத்திலும் அவள் பதிவு செய்திருந்தாள். விண்ணப்பத்தைத் தன் கையாலேயே நிரப்பினாள். நட்சத்திரம்: திருக்கேட்ட.

அவளுக்கு முந்தின வரியில் இருந்தது ஒரு ரேவதி நட்சத்திரப் பெண். அந்தப் பெண்ணுக்கும் பட்டியலில் கடைசிப் பையனுக்கும் உத்தமம். அந்த உத்தமத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் மேக்ரோ என் அக்காவிடம் வந்தது. திருக்கேட்ட கிடைக்கவில்லை. முதல் பையன், உத்தமம். இரண்டாவது பையன், உத்தமம். திருவனந்தபுரம் ஜில்லாவில் பதிவு செய்திருந்த அத்தனை பையன்களும் என் அக்காவுக்கு உத்தமம் என்று அச்சாகி வந்தது.

எனக்குச் சந்தேகமே வரவில்லை. இத்தனை நாள் மனுஷர்கள் செய்த அநியாயத்தைக் கம்ப்யூட்டர் ஒரு நொடியில் துடைத்துவிட்டது என்று கண் கலங்கினேன். எல்லா வீட்டுக்கும், பொருந்துகிற வரன்களின் விண்ணப்ப விவரங்களோடு, கடிதங்களை மடித்துத் தபாலில் சேர்த்தேன். பெண்களும் வரன்களும் நேரில் சந்திக்கும் நாள் அடுத்த ஞாயிறு என்று அதில் குறிப்பிட்டிருந்தது.

அப்பா அந்தக் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். "அடியே, இங்க வந்து பாரு" என்று அம்மாவைக் கூப்பிட்ட குரல் அவருடையதாகவே இல்லை. அக்கா கடிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இதுவரை அவளை மற்றவர்கள்தான் தள்ளினார்கள். இப்போது தள்ளும் உரிமை அவளுக்கு வந்திருந்தது. சாவகாசமாக ஒவ்வொருவராகத் தள்ளினாள். மிச்சம் வைத்தது ஒரே ஒரு பெயரை.

"சுந்தரம்னு ஒருத்தர். விழிஞ்ஞத்துல மீன்பிடித் துறைமுக ஆபீஸ்ல வேலை" என்றாள்.

"மீனா? ஏண்டி, அவனுக்கு அக்ரஹாரத்துல ஒருத்தரும் பொண்ணு கொடுக்க மாட்டேங்கறாளே" என்றாள் அம்மா.

"எல்லாரும் செவப்பா இருக்கணும், அடக்கமா இருக்கணும்னு எழுதியிருக்கா. இவர் ஒருத்தர்தான், 'வேலையிலேர்ந்து வரும்போது மீன் வாசனை அடிக்கும், சம்மதமானால் மட்டும்'னு எழுதியிருக்கார். இவரைப் பாக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. ஒரு மூலையில் போளியும் பாயசமும். மேடையில் ஒரு மேஜை, ஒரு மைக், நான். நீலகண்டன் மாமா பாலக்காட்டிலிருந்து ரயிலிறங்கி நேரே அங்கே வந்தார். பேரன் பிறந்த சந்தோஷத்தில் என் கன்னத்தைத் தட்டினார். அந்தச் சந்தோஷம் வக்கீல் ராமசுப்பு மாமா மேடை ஏறும்வரை நீடித்தது.

"ஓய் நீலகண்டன், எம் பொண்ணுக்கு இந்த லோகத்துல ஒருத்தன்கூட இல்லையாக்கும்? சோதி நட்சத்திரம் அப்படி என்ன பாவம் பண்ணித்து?"

அவர் நீட்டிய கடிதத்தில், தங்கள் மகளுக்குப் பொருத்தமான வரன் எவரும் இல்லை என்றிருந்தது. (அந்தப் பெண்ணுக்கு முந்தின வரியில் கடைசியாக வந்தது 'பொருந்தாது'.) மாமா கடிதத்தை இரண்டு முறை படித்தார். என்னைப் பார்த்தார்.

"விஜி. சோதின்னா சுவாதிதானே?"

"ஆமா மாமா."

"அப்பறம்?"

"கம்ப்யூட்டருக்கு அது தெரியாது மாமா."

"உனக்குத் தெரியுமோல்லியோ?"

தெரியும்தான். ஆனால் வாய் என்று ஒன்று இருக்கிறதே. "டேபிள்ல மலையாளப் பேரையும் நீங்க போட்டிருக்கணும்" என்றேன். மைக் ஓடிக்கொண்டிருந்தது. என் பதில் மண்டபத்தைச் சுற்றி வந்து, பாயசப் பாத்திரம்வரை போய்த் திரும்பியது.

அப்புறம் கேட்க வேண்டுமா. "எங்காத்துது பூயமாக்கும்", "எங்களுக்கு அனிழம், அதுவும் தப்பா?" என்று ஆளுக்கொரு கடிதத்தோடு மேடையை மொய்த்தார்கள். மாமா பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த நெரிசலில் ஒரு கை என் தாவணியைப் பிடித்து இழுத்தது. வக்கீலின் பெண். "சேச்சி, எனக்கு மேல படிக்கணும். இதே லெட்டரை அடுத்த வருஷமும் அனுப்ப முடியுமா?" என்று காதோடு கேட்டாள். அன்றைக்கு என் வேலையைப் பாராட்டிய ஒரே ஜீவன்.

பென்சில் கடைசியில் என் அக்காவின் பெயருக்கு வந்தது. அவள் ஓரமாக சுந்தரத்தின் வீட்டாரோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். சுந்தரத்தின் அம்மா அவள் கையைப் பிடித்தபடி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மாமா எழுந்து அவர்களிடம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"மன்னிச்சுக்கணும். இது கேட்டை. உங்காத்துல மூத்தவன் இருக்கானே. இது சரிப்படாது" என்றார்.

அந்த அம்மாள் கையை விட்டுவிட்டாள். அப்பா தரையைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. இதுவும்தானா என்று கேட்பது போல இருந்தது. கோபித்திருந்தால் நான் அழுதிருப்பேன். இதற்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"ரிசல்ட்டை இனிமே மாத்த முடியாது மாமா. தபால்ல போயாச்சு" என்றேன்.

"நீ வாயை மூடு."

"மூட மாட்டேன். மேக்ரோ உத்தமம்னு சொல்லித்து. உத்தமம்தான்."

"யாருக்கு ஆகாதுன்னு சொன்னேள்?" என்று பின்னாலிருந்து ஒரு கனத்த குரல் கேட்டது. திரும்பினால் ஒரு பெரிய உருவம், கையில் போளியோடு. சுந்தரத்தின் அண்ணன் வெங்கிட்டு. தம்பானூரில் மெஸ் நடத்துகிறவர்.

"மூத்தவனுக்கு ஆகாதுன்னு சாஸ்திரம்" என்றார் மாமா.

"மூத்தவன் நானாக்கும். என்கிட்ட யாரும் கேக்கலியே."

"வெங்கிட்டு, நீ சும்மா இரு" என்றாள் அவர் அம்மா.

"நான் ஏன் சும்மா இருக்கணும்மா? போறது என் உயிரல்லோ. ஷுகர் இருக்கு, பிரஷர் இருக்கு, தம்பானூர்ல தினம் நாலு தடவை ரோடைத் தாண்டறேன். இதெல்லாம் விட்டுட்டு இந்தப் பொண்ணு வந்துதான் என்னைக் கொல்லணுமா?" என்றவர் அக்காவிடம் திரும்பினார். "நீயே சொல்லு கொழந்தே. என்னை ஏதாவது பண்ற உத்தேசம் உண்டா?"

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஐந்தாம் வகுப்பைப் பார்க்கிற பார்வை.

"மொதல்ல அந்தப் போளியைக் கீழ வைங்கோ. ஷுகர்னு சொன்னேளே."

அவர் வைத்துவிட்டார். கட்டின மனைவி சொல்லியும் கேட்காத மனுஷர் என்று பின்னால்தான் தெரிந்தது. அவர் அம்மா, கீழே வைத்த போளியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனைக்கும் நடுவில் சுந்தரம், "எனக்கும் சம்மதம்தான், யாராவது கேட்டா" என்றது ரொம்ப நேரம் யார் காதிலும் விழவில்லை.

மறுநாள் மாமா, "இனிமே நீ வரவேண்டாம், கேட்டியா" என்றார். நானே நின்றுவிடுவதாக இருந்தேன் என்றேன். அவர் தன் ஃபார்முலாக்களைத் திரும்பப் போட்டுக்கொண்டார். ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. மாமா முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அதைத் தன் மையத்தின் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். பந்தியிலேயே சண்டை போட்டேன்.

வெங்கிட்டு அண்ணாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. தும்மினால்கூட எனக்குத்தான் முதல் போன். "விஜி, உன் மேக்ரோ வேலை செய்ய ஆரம்பிச்சுடுத்து போலிருக்கே" என்பார். போன வருஷம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆபரேஷன்வரை போய்விட்டது. ராத்திரி பகலாகக் கூட இருந்தது என் அக்காதான். நாங்கள் எல்லாரும் பார்க்கப் போயிருந்த அன்று, கண் விழித்தவரிடம் நர்ஸ், பக்கத்தில் இருப்பவர் யார் என்று மலையாளத்தில் விசாரித்தாள்.

"இவளாணு என்னெக் கொல்லான் வந்தவள்" என்றார் அண்ணா, மூச்சு வாங்கிக்கொண்டு. "இத்ர கொல்லமாயிட்டும் சமயம் கிட்டியில்ல."

கொல்ல வந்தவளுக்கு இத்தனை வருஷமாக நேரம் கிடைக்கவில்லையாம். நர்ஸ் பேனாவை மூடிவிட்டு அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள், பிறகு வாசலில் நின்ற செக்யூரிட்டியைப் பார்த்தாள். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. விளக்கம் சொல்ல எல்லாரும் சேர்ந்து என்னைத்தான் முன்னால் தள்ளினார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வி-லுக்கப் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.