நடக்கத் தெரிந்த வேலி

கேதீஸ்வரன் ஊருக்கு வர இன்னும் நாலு நாள் இருக்கும்போது, தன் காணி எங்கே முடிகிறதென்று இராசநாயகத்தாருக்கு மறந்துபோயிருந்தது.

அவரில் பிழையில்லை. கரவெட்டியில் மற்றவர்களின் வேலிக்கு வேர் உண்டு. இவருடைய வேலிக்குக் கால் இருந்தது. சித்தப்பாவின் மகன் கேதீஸ்வரன் நோர்வேக்குப் போன இருபத்திரண்டு வருடமும், அவனுடைய பக்கத்துக் காணிக்குள் அது வருடம் ஒரு முழமாக நடந்தது. மாரிக்கு மாரி வேலித் தடியான கதியாலை மாற்றும்போது ஒரு முழம். ஊரடங்கு போட்ட வருடத்தில்கூட, ஊரில் வெளியே போய்வந்தது அந்த வேலி ஒன்றுதான். போகிற வழியில் கேதீஸ்வரனின் கிணற்றை விழுங்கியது, பிலாமரத்தை விழுங்கியது. விழுங்கிய நிலத்தில் இராசநாயகத்தார் மாபிள் பதித்த கக்கூசு ஒன்றும் கட்டியிருந்தார்.

நோர்வேயில் பள்ளிக்கூடங்களுக்கு இலையுதிர்கால லீவாம். அதற்குள் கேதீஸ்வரன் மூன்று நாள் வந்து நிற்பானாம். காணி அளக்கிற சேவையருக்கும் சொல்லிவிட்டானாம். போனை வைக்கமுதல் அவன் கேட்டது இதுதான்:

"வேலி நிண்ட இடத்திலைதானே அண்ணை நிக்குது?"

அன்றைக்கு இராசநாயகத்தாருக்குச் சோறு இறங்கவில்லை. அவர் கோயில் பரிபாலன சபைத் தலைவர். அடுத்த மாதம் தெரிவு. காணிக் கள்ளன் என்று பேர் வந்தால் நாற்காலி போய்விடும். நாற்காலி போனால் அவரிடம் மிஞ்சுவது அவர் மட்டும்தான். அது அவருக்கே போதாது.

வேலி கட்டுகிற குகதாசனைக் கூப்பிட்டார்.

"உதைப் புடுங்கிப் பழைய இடத்திலை நடு."

"எந்தப் பழசு? போன வருசத்துப் பழசோ, அதுக்கு முந்தின பழசோ?"

"முதல் பழசு."

"அது என்ரை அப்பற்றை காலம். எல்லைக் கல்லு இருக்குமே?"

இருந்தது. கிணற்றடியில், எழுத்துப் பக்கம் கீழே. பதினைந்து வருடமாக மனைவி கமலாவதி அதில்தான் உடுப்புத் தோய்க்கிறாள். அதை எங்கேயிருந்து கிளப்பினார் என்பதுதான் அவருக்கு நினைவில்லை. பிலாவுக்கு அங்காலை என்றாள் கமலாவதி. இங்காலை என்றார் இவர். யோசித்துப் பார்த்ததில், திருப்பிக் கொடுப்பது குறைந்தால் கள்ளன், கூடினால் தருமவான் என்று தெரிந்தது. கூட்டியே நடச் சொன்னார்.

பயத்தில் நட்ட வேலி அளவோடு நிற்குமா? கேதீஸ்வரனின் காணியை முழுக்கத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இராசநாயகத்தாரின் சொந்த வளவுக்குள்ளும் வந்து நின்றது. மாட்டுக் கொட்டில் நடுவால் பிரிந்தது. அன்றிலிருந்து மாட்டின் முன்பாதி கேதீஸ்வரனின் காணியில் தின்றது. பின்பாதி இராசநாயகத்தாரின் காணியில் நின்றது. நல்லகாலம், பால் இந்தப் பக்கம்.

கிணறும் கக்கூசும் அந்தப் பக்கம். வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு வெட்டி, புரட்டாதி மழைக்குக் குடையும் பிடித்து, குடும்பமே குனிந்து போய் நிமிர்ந்து வந்தது.

கேதீஸ்வரன் வந்து இறங்கியதும் முதலில் தேடியது கக்கூசைத்தான். பொட்டால் போய் வந்தவன் வேலியைப் பார்த்தான், கக்கூசைப் பார்த்தான்.

"அண்ணை, உது என்ரை காணியெல்லோ? உதுக்குள்ளை ஆர் கட்டினது?"

"நான்தான் தம்பி. நீ வந்தால் போனால் வேணுமெண்டு."

கேதீஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. பெண் கொடுத்த மாமனார்கூட அவனுக்கு அப்படியொன்று கட்டிக்கொடுத்ததில்லை.

அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. வேலியோடு திரும்ப நட்டுவைத்த எல்லைக் கல், பதினைந்து வருடம் குடித்த சவர்க்காரத்தையெல்லாம் நுரை நுரையாகக் கக்கியது.

"கல்லு நுரைக்குது அண்ணை."

"வெள்ளிக்கு வெள்ளி கழுவுறனாங்கள். எல்லைக் கல்லெண்டால் எங்களுக்குச் சாமி மாதிரி."

கேதீஸ்வரன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லைக் கும்பிட்டான்.

கதியாலெல்லாம் நேற்று வெட்டியதுபோல் இருக்கிறதே என்று அவன் அடுத்த நாள் கேட்டான். தம்பியின் பக்கம் ஒரு விரற்கடையும் சரியக்கூடாதென்று வருடாவருடம் புதிது நடுவதாக இராசநாயகத்தார் சொன்னார். சொல்லும்போது அவருக்கே தன்னில் ஒரு மரியாதை வந்தது. அது அரை மணித்தியாலம்தான் நின்றது.

"இனி நீங்கள் கஷ்டப்படவேண்டாம் அண்ணை. இந்த வேலி நிக்கிற இடத்திலேயே மதில் கட்டச் சொல்லிப்போட்டன்."

"பொட்டு?"

"மதிலுக்கு என்னத்துக்குப் பொட்டு? கள்ளரெல்லோ வருவினம்."

மூன்றாம் நாள் சேவையர் செபநாயகம் வந்து, வேலியோடு வேலியாக நாடா பிடித்து அளந்தார். இதுதான் எல்லை, எனக்கு ஆட்சேபமில்லை என்று இராசநாயகத்தார் கையெழுத்து வைத்தார். மேசன்மார் அத்திவாரம் வெட்டத் தொடங்கியிருந்தார்கள். கமலாவதி கையில் குடையோடு, மூடப்போகிற பொட்டையும் புருஷனையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கேதீஸ்வரன் அண்ணையைக் கட்டிப்பிடித்து, இப்படியொரு மனுசன் நோர்வேயிலும் இல்லை என்று அழுதுவிட்டு, வாசலில் நின்ற வானில் ஏறினான்.

வான் ஒழுங்கை திரும்பி மறைந்தது. பேர் தப்பியது, நாற்காலி தப்பியது. ஏழு நாளுக்குப் பிறகு இராசநாயகத்தார் முழுதாக ஒரு மூச்சு விட்டார்.

நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்த செபநாயகம் தலையை ஆட்டிக்கொண்டு சொன்னார்:

"கேதீஸ்வரன் என்னைப் படம் கீறக் கூப்பிட்டதே, தன்ரை காணியிலை அண்ணை எவ்வளவு பிடிச்சிருந்தாலும் கிணத்தோடை சேத்து அவருக்கே எழுதிவிடத்தான் ஐயா. வந்து அளந்து காணி உறுதியோடை பாத்தால், நீங்களெல்லோ உங்கடை காணியிலை ஆறு முழம் அவருக்கு எழுதிக் குடுத்திருக்கிறியள்."