கல் காயவில்லை

கலவை இயந்திரத்துக்குள் எட்டிப் பார்த்த கம்பவுண்டருக்குப் பகீரென்றது. தேன் தடவியது போல மின்ன வேண்டிய சரளைக்கல், வெள்ளையாக நுரை தள்ளிக்கொண்டிருந்தது.

"டேய் மச்சான், கல்லுல ஈரம் இருக்குடா!"

"அப்படியா, அத்தான்?" என்றான் மனைவியின் தம்பி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"ரெசின் பசைக்கு ஈரம் எமன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! நேத்து முழுக்க வெயில்ல காஞ்ச கல்லு எப்படிடா நனையும்?"

"பனியா இருக்கும்."

மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்த மனைவி, இன்று மாலை நாலு மணிக்குச் சக்கர நாற்காலியில் வீடு திரும்புகிறாள். கேட்டிலிருந்து வாசல்படி வரை உதிரிச் சரளை. சக்கரம் புதையும், உடைந்து ஒட்டவைத்த இடுப்பு அலுங்கும். ஜோடி ஜோடியாக டப்பாவில் வந்த ரெசினைச் சேர்த்துக் கலக்கி, கல்லோடு புரட்டி, பத்து மணிக்குள் இழுத்துத் தேய்த்துவிட்டால் நாலு மணிக்குள் பாதை இறுகிவிடும்.

ஆள் வைக்கலாம் என்றவர்களிடம், "நாப்பது வருஷம் மருந்து கலக்கினவன் நான்" என்று மார்தட்டியிருந்தார். விடிந்ததிலிருந்து கையுறையைக் கழற்றவில்லை. போன் அடித்தபோதுகூட மச்சான்தான் எடுத்தான். "ராங் நம்பர்" என்று சொல்லிவிட்டு, குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினான்.

அடுத்த மூட்டையும் ஈரம். மனுஷன் அசரவில்லை. மனைவியின் பெரிய வாணலியை அடுப்பில் ஏற்றிக் கல்லை வறுத்தார்.

"அது அக்காவோட வாணலி, அத்தான்."

"வந்து திட்டட்டும்டா. அவகிட்ட திட்டு வாங்கி மூணு மாசமாச்சு. வீடே ஊமையாக் கிடக்கு."



சூடு பட்டால் ரெசின் சீக்கிரம் இறுகும் என்று டப்பாவின் பின்பக்கம் எழுதியிருந்தது. கம்பவுண்டர் முன்பக்கம் மட்டும் படித்திருந்தார். வறுத்த கல் உள்ளேயே பாறையாகி, இயந்திரம் ஒருமுறை முனகிவிட்டு நின்றுபோயிற்று.

வறுத்து ஆறியிருந்த மிச்சக் கல்லையும் ரெசினையும் பழைய தொட்டியில் கொட்டி மண்வெட்டியால் புரட்டினார். முதுகு விட்டுப்போனாலும், வாசல்படியருகே ஒரு முழம் பாதை அழகாக விழுந்தது. அதன் மேலேயே மச்சான் நடந்தான். செருப்பு இரண்டும் ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றன. அவன் வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்தான். அது அவனுக்கே தெரியவில்லை.

"கண்ணு பிடரியிலயாடா இருக்கு?"

மணி ஒன்பதரை. மிச்சம் ஒரே ஜோடி டப்பா, ஒரே மூட்டை. செருப்பைப் பெயர்த்து எறிந்துவிட்டுத் திரும்பிய கம்பவுண்டர் அப்படியே நின்றார். கடைசி மூட்டைக்குள் மச்சான் சொம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி! நீதானா?" சொம்பை வெடுக்கென்று பிடுங்கினார். "உனக்கு என்னடா துரோகம் பண்ணினேன்? உங்கக்காவை அலுங்காம உள்ள கூட்டிட்டு வரணும்னுதானே கிடந்து சாகறேன்?"

மச்சான் நனைந்த மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"வேலை முடிஞ்சா அக்காவைக் கூட்டிட்டு வரலாம்னு கிளம்புவீங்க, அத்தான். காலையில வந்தது ராங் நம்பர் இல்ல, ஆஸ்பத்திரியிலேர்ந்து."