நாற்பத்தொன்பதாவது இழுப்பறை

ஞானிகளைப் பார்த்திருப்பீர்கள். ஞானி வேடம் போடுகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு: ஞானிகளுக்குப் பட்டியல் போடுகிறவர்கள். எல்லா மதத்து ஞானிகளும் கண்ணை மூடியபோது எதைக் கண்டார்கள் என்று, கண்ணாடி போட்டுக்கொண்டு ஆராய்கிறவர்கள். பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஒரு துறையே இருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இரும்பு அலமாரி செய்கிறேன். என் பட்டறை அலமாரி இல்லாத ஓர் அலுவலகத்தை இந்த ஊரில் காட்டிவிடுங்கள், மீசையை எடுத்துவிடுகிறேன். ஆகவே இந்த இனத்தைப் படித்து அறிந்தவனல்ல நான், அளவெடுத்து அறிந்தவன்.

அடையாளம் காண்பது எளிது. ஒருவர் வந்து 'மனசு லேசா இருக்கு' என்றால் நீங்களும் நானும் 'நல்லது' என்போம். இவர் 'எப்பலேருந்து?' என்று வைத்தியர் மாதிரி கேட்பார். மௌனத்தைப் பற்றி மூன்று நாள் மாநாடு கூட்டி, மூன்று நாளும் பேசி, நேரம் போதவில்லை என்று சண்டையும் போடுவார். 'நான்' என்பது கரைந்துபோவதைப் பற்றிப் புத்தகம் எழுதுவார். அட்டையில் தன் பெயர் இன்னொருவர் பெயருக்குக் கீழே வந்துவிட்டால் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அந்த ஆறு மாதத்தை மட்டும் மௌனக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஏனோ.

எங்கள் தெருப் பேராசிரியருக்கு நாற்பத்தெட்டு இழுப்பறை வைத்த அலமாரி ஒன்று செய்து கொடுத்தேன். ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு சீட்டு. ஒளி கண்டவர்கள் ஒன்றில், அழுதவர்கள் ஒன்றில், பேச்சற்றுப் போனவர்கள் ஒன்றில். எந்த மதமானாலும் பாகுபாடு கிடையாது. எல்லோருக்கும் ஒரே பூட்டு.

வந்தது வினை. அவர் மனைவி, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், தினமும் காலையில் சமையலறை ஜன்னலோரம் கால் மணி நேரம் சும்மா உட்காரத் தொடங்கினார். உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரியும் இருக்கிறது, நிறைந்துபோன மாதிரியும் இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் சொல்லியும்விட்டார். சொல்லலாமா?

"வெளிச்சம் தெரிஞ்சுதா?"

"ஜன்னல் வெளிச்சம்தான்."

"அழுகை?"

"இல்லைங்க. நீங்களும் வந்து உக்காருங்களேன்."

"நானும் உக்காந்துட்டா யாரு எழுதுறது?"

நாற்பத்தெட்டிலும் அந்த அம்மா அடங்கவில்லை. கூடுதலாக ஓர் இழுப்பறை வேண்டுமென்று பேராசிரியர் எனக்கு ஆள் அனுப்பினார். டேப்பும் கையுமாகப் போனேன். டீச்சரம்மா என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார்.

"அண்ணே, டிராயர் வேண்டாம். ஒரு நாற்காலி செஞ்சு குடுங்க. அவருக்கு. என் பக்கத்துல போடணும்."

"ஐயா உக்காருவாரா?"

"முப்பத்தாறு வருஷமா ஞானிங்களோடதான் குடித்தனம் பண்றாரு. ஒரு நாளாவது என்னோட உக்காரட்டுமே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நாலாம் நாள் காலை நாற்காலியைக் கொண்டுபோய்ச் சமையலறை ஜன்னலோரம் போட்டேன். முதுகில் சீட்டுச் சொருகும் சட்டம், அதன்மேல் நாற்பத்தொன்பது என்று எண். இந்த யோசனை எந்தப் பட்டதாரிக்கு வரும், சொல்லுங்கள்.

"இது டிராயர் இல்லையே?"

"ஆளை உள்ள வைக்கிற டிராயர், ஐயா. உக்காந்து பாருங்க, ஆடுதான்னு."

உட்கார்ந்தார். ஆடவில்லை, என் வேலை ஆடுமா? டீச்சரம்மா ஓசைப்படாமல் வந்து தன் ஸ்டூலில் உட்கார்ந்தார். பேராசிரியர் கை பேனாவைத் தேடிச் சட்டைப் பைக்குப் போனது. அந்த அம்மா ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமலேயே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். இல்லாத திருகாணியை முறுக்கிக்கொண்டு நான் வாசலோரம் நின்றேன். பதினோரு நிமிடம். பிறகு பேராசிரியர் மெதுவாகக் கேட்டார்.

"உனக்கு இது தினமுமா?"

"தினமும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே. எழுதிக்கிட்டீங்க."

அந்தச் சட்டத்தில் இன்னும் சீட்டு ஏறவில்லை. என்ன எழுதுவதென்று தேடிக்கொண்டிருக்கிறாராம், அதே நாற்காலியில் உட்கார்ந்தபடி.

நீங்கள் சிரித்தீர்கள். 'நம்ம மாடி வீட்டுக்காரர்தான் இது' என்று அவர் நெற்றியில் ஒரு சீட்டும் ஒட்டிவிட்டீர்கள், இல்லையா? அது இருக்கட்டும். உங்கள் பக்கத்தில் யாரோ எதையோ சொல்ல வந்து, நீங்கள் படித்து முடிக்கட்டுமென்று நிற்கிறார்கள் போலிருக்கிறதே. நாற்காலி வேண்டுமானால் சொல்லி அனுப்புங்கள். அளவெடுக்க நானே வருகிறேன்.