போனில் வந்த போலி மாப்பிள்ளை

போடிநாயக்கனூர்,
புதன்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை விஜயபாண்டி அவர்களுக்கு உங்கள் மாமனார் கோட்டைச்சாமி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நீங்கள் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரும் சுகம். மூவருக்கும் வைரஸ் இல்லை. பெங்களூரில் நீங்களும் நிறைமாதமாக இருக்கும் மகள் முத்துப்பிரியாவும் சுகம்தானே? ஆறு வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றிக் கிடைத்த பிள்ளை. டாக்டர் பயணம் கூடாது என்றதால்தான் தலைப்பிரசவத்தை அங்கேயே வைத்துக்கொள்ளச் சம்மதித்தோம். தகவல் வந்ததும் பஸ் ஏற வேண்டுமென்று உங்கள் அத்தை பதினைந்து நாளாகப் பெட்டியைக் கட்டி நடைவழியில் வைத்திருக்கிறாள். நான் அதில் இரண்டு தடவை தடுக்கி விழுந்துவிட்டேன்.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனை நம்ப முடியவில்லை, மாப்பிள்ளை. பொங்கலுக்கு முன்பு நான் பட்டது உங்களுக்குத் தெரியும். ஏலக்காய் விலை பார்க்கக் கம்ப்யூட்டரைத் திறந்தால், பதினாறு வைரஸ் இருக்கிறது, உடனே இந்த நம்பருக்குப் பேசு என்று சிவப்பு எழுத்தில் வந்தது, நான் பேசினேன், அவன் அமுக்கச் சொன்ன இடத்தையெல்லாம் அமுக்கினேன், திரையில் அம்பு தானாக ஓடியது, நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன், கடைசியில் உங்கள் கல்யாணப் படங்கள் மொத்தமும் பூட்டிக்கொண்டன. நீங்கள் லீவு போட்டு வந்து இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்தீர்கள். பாஸ்வேர்டு என்னவென்று கேட்டீர்கள். நம் தோட்டத்து ஏலக்காய்ச் சாக்கில் மையால் அடிக்கிற குறிதான், மறக்காது என்று அதையே வைத்தேன் என்றேன். அந்தக் குறியோடு வருஷத்துக்கு இருநூறு சாக்கு ஏலத்துக்குப் போகிறது, போடியில் அதை மனப்பாடமாகச் சொல்லாத ஆள் கிடையாது என்பது, நீங்கள் தலையில் கைவைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்போதும் நீங்கள் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. தெரியாத நம்பரை நம்ப வேண்டாம், அவசரப்படுத்துகிறவனை நம்பவே வேண்டாம், தெரிந்தவர் பெயரில் வந்தாலும் எதையும் திறக்க வேண்டாம் என்று ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனீர்கள்.

அந்த அட்டைதான் நம் குடும்பத்தைக் காப்பாற்றியது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் தெரியாத நம்பரிலிருந்து ஒருவன். "மாமா, நான் விஜயபாண்டி. என் போன் அணைஞ்சிருச்சு, இது நர்ஸ் போனு. முத்துப்பிரியாவ ஆஸ்பத்திரியில சேத்திருக்கு, வெரசாக் கெளம்பி வாங்க" என்றான். தெரியாத நம்பர், போதாக்குறைக்கு அவசரம். உங்கள் குரலேதான், ஆனால் இப்போதெல்லாம் மெஷினே யார் குரலிலும் பேசுமென்று பேப்பரில் படித்திருக்கிறேன். எதற்கும் சோதிப்போம் என்று, போன தீபாவளிக்குத் தோட்டத்துக்கு ஜீப்பில் போனபோது போடிமெட்டு ரோட்டில் எத்தனையாவது வளைவில் வாந்தி எடுத்தீர்கள் என்று கேட்டேன். ஜீப்பைக் கழுவியவன் நான், அது பதினொன்றாவது வளைவு. அவன் ஒன்பது என்றான். வாந்தி எடுக்கிறவருக்கு வளைவை எண்ண எங்கே நேரம் என்று அதையும் மன்னித்தேன்.

அடுத்துதான் வசமாக மாட்டினான். "சரி மாமா, போன அத்தைகிட்டக் குடுங்க" என்றான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நீங்கள் உங்கள் அத்தையிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதுண்டா? குழம்பு வேண்டுமென்றாலும் சுவரைப் பார்த்துத்தான் கேட்பீர்கள். அவளும் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இருக்கிறதென்று சொல்லுங்கள் என்று என்னிடம்தான் சொல்வாள். அந்த மரியாதை தெரியாதவன் நம் மாப்பிள்ளையாக இருக்க முடியுமா? போனை நீட்டினால் அவளே பதறிப்போய் இரண்டடி பின்னால் போனாள். பிறகு நான் அவனைப் பேசிய பேச்சை இந்தக் காகிதம் தாங்காது. அவன் அப்பன், பாட்டன், அவர்கள் மேய்த்த கழுதை வரை ஒருத்தரையும் விடவில்லை. தோட்டத்தில் கற்றுக்கொண்ட மலையாளத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

உங்களிடம் சொல்லலாம் என்று உங்கள் நம்பரை அடித்தேன், அணைந்திருந்தது. மகளும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையாயிற்றே, நன்றாகத் தூங்குகிறார்கள் என்று விட்டுவிட்டேன். அந்தத் திருட்டுப்பயல் அதற்குப் பிறகு பதினான்கு தடவை அடித்தான். எங்கள் இரண்டு போனையும் அணைத்துப் பரணில் போட்டேன். கம்ப்யூட்டரில் உங்கள் பெயரிலேயே 'மாமா, போட்டோ பாருங்க' என்று ஏழு மெயில். திறக்காமல் அழித்தேன், அழித்ததையும் அழித்தேன், ஒயரையும் பிடுங்கிவிட்டேன். மூன்று நாளாக நம் வீட்டுக்குள் ஒரு பொய்ச் செய்தி நுழையவில்லை.

உங்கள் அத்தைதான் சோறு இறங்காமல் கிடக்கிறாள். "நெசமாவே பிள்ளைக்கு வலி கண்டிருந்தா நமக்கு எப்படித் தெரியும்?" என்று நேற்று கேட்டாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதனால் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். மகளுக்கு வலி கண்டால் தயவுசெய்து போனில் சொல்லாதீர்கள். கடிதம் போடுங்கள், கையெழுத்தைப் பார்த்து நீங்கள்தான் என்று தெரிந்துகொண்டு உடனே கிளம்பி வருகிறோம்.

வயிற்றுப் பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். குலசாமி துணையிருக்கும். உங்கள் தகப்பனாருக்கு என் பணிவான வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
கோட்டைச்சாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது, சிக்னல் இல்லாத தோட்டத்தில் மூன்று நாள் கிடந்த மச்சினன் கண்ணுச்சாமி மலையிலிருந்து இறங்கி வந்து தன் போனைக் காட்டினான். பேத்தி. ஞாயிற்றுக்கிழமையே பிறந்துவிட்டாளாம், தாயும் பிள்ளையும் சுகமாம். படத்தைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் அழுதோம். அழுது முடித்ததும் உங்கள் அத்தை என்னைப் பார்த்த பார்வையை நேரில் சொல்கிறேன். உங்கள் தகப்பனாரிடமும் பாட்டனாரிடமும் நான் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இன்று சாயங்கால பஸ்ஸில் ஏறுகிறோம், இந்தக் கடிதத்தை நானே கொண்டுவந்து தருவேன். ஒன்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேத்தியை வாங்கும்போது உங்களோடு நேராகவே பேசுவதென்று உங்கள் அத்தை முடிவெடுத்திருக்கிறாள். பயந்துவிடாதீர்கள், அது அவளேதான்.