ஏழாம் நாசில்

"மஹேஷ், மறுபடியும் ஏழாம் நம்பர் சாஞ்சிருக்கு, பாருங்கோ" என்றாள் மாளவிகா.

மஹேஷால் நம்ப முடியவில்லை. இப்போதுதானே அவனே அளந்து பார்த்தான்? குத்துக்கல் மாதிரி நேராக நின்றதே!

திருவனந்தபுரத்தில் விமான எஞ்சின் கோக்கும் கூடம் அது. தகரக் கூரையில் மழை காலையிலிருந்து விடாமல் பேசிக்கொண்டிருந்தது. எஞ்சினின் வட்ட உறைக்குள் எரிபொருள் பீய்ச்சும் நாசில்கள் வளையமாக நின்றன. இன்னும் திருகாணி முறுக்காததால் தொட்டால் ஆடும். மேலிருந்து கிரேனில் எரியறையை இறக்கும்போது ஒவ்வொரு நாசிலும் தன் துளைக்குள் போய் உட்கார வேண்டும். ஒன்று சாய்ந்தாலும் இறக்கக் கூடாது. அதைச் சோதித்துக் கையெழுத்துப் போடத்தான் மாளவிகா பெங்களூரிலிருந்து வந்து, ஒரு மாதமாகக் கரமனையில் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள்.

"இன்னிக்கு முடிஞ்சுடுத்துன்னா சாயங்கால வண்டிக்கே கெளம்பணும். முடியலைன்னா இன்னும் ஒரு வாரம் இங்கேதான், கேட்டேளா?" என்று காலையில் அவனிடம் சொல்லியிருந்தாள்.

பாவம், ஊருக்குப் போகத் தவிக்கிறாள் என்று மஹேஷ் உருகிப்போனான். புத்திசாலி!

மனசில் இருப்பதை ஒரு மாதமாக அவளிடம் சொல்லத் துணிவில்லை. வேலையிலாவது அவள் மெச்சும்படி நடந்துகொள்ள வேண்டும். அன்றைக்கு அவனுக்கு வேறு லட்சியமே இல்லை.

ஏழாம் நாசிலை நிமிர்த்தி, ஆறோடும் எட்டோடும் சேர்த்து நைலான் நூலால் கட்டினான். மாளவிகா குனிந்தாள். குனிந்து அளக்கும் பெண்ணைப் பார்ப்பது மரியாதையில்லை என்று அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஜன்னலில் மழை. மழைக்குள் கரமனை ஆறு. ஆற்றங்கரையில் ஒரே குடைக்குள் இரண்டு பேர். அவளுடைய இடது தோள் மட்டும் கொஞ்சம் நனைகிறது. அவன் குடையைச் சாய்த்துப் பிடிக்கிறான்...

"அடடா, இப்போ மூணும் சாஞ்சிருக்கே!"

குடை மடங்கிவிட்டது. மேலே கிரேன் கூண்டில் ஆன்சன் பலமாக இருமினான்.

"ஸாரி மேடம், இதோ சரி பண்ணிடறேன்."

"சாரமில்லை. நிதானமாப் பண்ணுங்கோ. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."

என்ன நல்ல மனசு என்று அவன் நெகிழ்ந்தான். பூத் தொடுப்பதுபோல வளையம் முழுவதையும் ஒரே நூலில் கோத்துக் கட்டினான். அளந்தான். நேர். அவள் குனிந்தாள். அவன் திரும்பினான். குடைக்குள் இப்போது அவள் ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள்...

"ஐயோ! அத்தனையும் ஒரே பக்கமா சாஞ்சு நிக்கறதே!"

"லேய் மக்கா!" என்று மேலிருந்து ஆன்சன் கத்தினான். "எரியறையைத் தொங்கப் போட்டுட்டு நான் இங்க குடியிருக்கணுமாலே?"

மஹேஷுக்கு மானம் போயிற்று. சாப்பிடக்கூடப் போகாமல், நூலையெல்லாம் அறுத்தெடுத்துவிட்டு, பட்டறையில் இரண்டு பாதியாகக் கழலும் அலுமினிய வளையம் ஒன்று கடைந்துகொண்டு வந்தான். ஒவ்வொரு நாசிலுக்கும் அளவெடுத்த பள்ளம். மாட்டினான். கச்சிதம்.

மாளவிகா குனிந்தாள். இந்த முறை நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"அசையவே மாட்டேங்கறதே" என்றாள்.

"இனிமே யார் என்ன பண்ணினாலும் அசையாது மேடம்!"

அவள் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடினாள். மூடியைத் திறந்து மறுபடியும் மூடினாள்.

"அப்போ... நான் கெளம்பட்டுமா?"

"தாராளமா! இப்போ போனாக்கூட வண்டியைப் பிடிச்சுடலாம். ஹேப்பி ஜர்னி மேடம்!"

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

எரியறை இறங்கியது. அத்தனை நாசில்களும் சத்தமில்லாமல் துளைகளுக்குள் போய் உட்கார்ந்தன. மஹேஷ் வளையத்தைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஏணியில் இறங்கி வந்த ஆன்சனிடம் காட்டினான்.

"எப்படி சேட்டா நம்ம வேலை? மேடம் அசந்துட்டா, அல்லே?"

ஆன்சன் தலையில் அடித்துக்கொண்டான்.

"லேய் மக்கா, நான் காலையில இருந்து மேல உக்காந்து பாத்துக்கிட்டுதாம்லே இருக்கேன். நீ நிமித்தி வச்சுட்டு ஜன்னலைப் பாக்கும்போதெல்லாம், அந்தப் பிள்ளைதாம்லே ஒத்த விரலால அதைச் சாச்சு விட்டுச்சு."