துவைத்த சட்டை

ஜப்பான்காரத் துரை முன்னால் குனிந்து வணக்கம் வைக்கும்போதா முதுகு அரிக்க வேண்டும்? சேதுராமன் குனிந்தபடியே சொறிந்தான்.

துரை இரண்டடி பின்னால் போனார். "தொத்துநோயா?" என்று மலாய் மொழியில் கேட்டார்.

"இல்ல துவான், வேர்வை!"

"இல்லன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. சாயங்காலத்துக்குள்ள. இல்லன்னா புது வேலை கிடையாது."

சேதுராமன் பண்டார் ஹிலிர் தண்ணீர் ஆபீஸில் பியூன். புது வேலைக்கு ஆள் எடுக்கிறோம், அரிசி இரட்டைப் பங்கு என்று போன வாரம்தான் அறிவித்தார்கள். வேலை எங்கே என்று அவன் கேட்கவில்லை. மரவள்ளிக் கிழங்கு தின்றே நாக்குச் செத்தவனுக்கு, அரிசி என்றதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை.

ஆபீஸில் கொடுத்த வைத்தியச் சீட்டு சட்டைப் பையில் இருந்தது. காட்டினால் இலவசம். எங்கே காட்டுவது?

பெரிய ஆஸ்பத்திரியில் வாசலிலேயே மறித்தார்கள்.

"தொத்துநோய் வார்டு இப்ப சோல்ஜருங்களுக்கு மட்டும்தான்."

கடைத்தெருவில் இருந்த சீன டாக்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வேணாம்லா. பீசுக்கு முட்டை இருக்கா?"

முட்டைக்காக காஜா பேராங்கில் இருந்த வீட்டுக்கு ஓடினான்.

"கோழி முட்டை போட்டு எத்தன நாளாச்சு!" என்றாள் மனைவி பூங்காவனம். "இப்படி வேர்வையில நனஞ்சு போயா டாக்டரப் பாக்கறது? இந்தாங்க, துவைச்ச சட்டை."

சட்டையை மாற்றினான். அரிப்பு கழுத்துக்கு ஏறியது.

புக்கிட் ரம்பாயில் ஒரு தொத்துநோய் டாக்டர் சீட்டு வாங்குகிறாராம். டயருக்குப் பதில் கயிறு சுற்றிய சைக்கிளில் எலும்பு குலுங்கப் போய்ச் சேர்ந்தான்.

டாக்டர் ஜன்னல் வழியாகவே பார்த்தார். "சீட்டு செல்லும். நீ உள்ள வரக் கூடாது."

"நீங்க தொத்துநோய் டாக்டர்தானே?"

"ஆமா. அதனாலதான் எனக்குப் பயம்."

வீடு திரும்பிச் சட்டையைக் கழற்றி எறிந்தான். குளித்தான். அப்பாடா என்றிருந்தது.

"பூங்கா, வெறும் உடம்போட இருந்தா அரிக்கலடி."

"கவர்மென்ட் ஆளு வெறும் உடம்போடயா தெருவுல போவீங்க?" மறுபடி ஒரு துவைத்த சட்டை வந்தது. "நம்ம தெருமுனையில மருந்து குடுக்கற டிரசர் கலியாணசுந்தரம் கவர்மென்ட் சீட்டு வாங்கறாரே, அவருகிட்டப் போங்க."

"இத ஏன்டி காலையிலயே சொல்லல?"

"என்னைக்கு நான் சொல்லி நீங்க கேட்டீங்க?"

தெருமுனைக்குப் போவதற்குள் சேதுராமன் நடக்கவில்லை, ஆடிக்கொண்டிருந்தான்.

டிரசர் சீட்டை வாங்கிக்கொண்டார். நாடி பார்க்கவில்லை, நாக்கை நீட்டச் சொல்லவில்லை. மளமளவென்று எழுதி முத்திரையைக் குத்தினார். "கடுமையான தொத்துநோய். கூட்டத்தோட எங்கயும் அனுப்ப லாயக்கில்ல."

"அடப்பாவி அண்ணே!" சேதுராமனுக்கு அழுகையே வந்துவிட்டது. "என் அரிசி போச்சே! என்னைத் தொட்டுக்கூடப் பாக்கலயே நீங்க!"

டிரசர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தொட்டா எனக்கும் அரிக்கும் தம்பி. அது சயாம்ல ரயில் ரோடு போடற வேலைக்குக் குடுக்கற அரிசி, தின்னப் போனவன் எவனும் திரும்பல, சொன்னா கேக்க மாட்டேங்கறாருன்னு உங்க வீட்டம்மா வந்து அழுதுச்சு. பூனைக்காலிச் சுணையைப் பறிச்சுக் குடுத்து, உங்க சட்டைங்கள்ல தடவச் சொன்னதே நான்தான்."